பார்பரா கார்க்கரன்: வீட்டுத் தரகர் ஒருவர் தொலைக்காட்சிக்குப் போன வழி

கேள்வி: திருமங்கலம் பக்கம் மனை விற்பனையில் இரண்டு வருடமாக இருக்கிறேன். தொழில் முனைவோர் வந்து முதலீட்டாளர்களிடம் பணம் கேட்கும் அமெரிக்காவின் ஷார்க் டேங்க் நிகழ்ச்சியில், முதலீட்டாளராக வரும் பார்பரா கார்க்கரன் முதலில் வீட்டுத் தரகராக இருந்தவர் என்று கேள்விப்பட்டேன். ஒரு தரகர் எப்படித் தொலைக்காட்சிப் பிரபலம் ஆனார்? நானும் வேலையை விட்டுவிட்டு வீடு, மனை காட்டும் யூடியூப் சேனல் ஒன்றைத் தொடங்கலாம் என்று நினைக்கிறேன். சரியாக வருமா?

பதில்:

தம்பி, மதுரை காளவாசலில் முப்பது வருடமாக வீட்டுத் தரகு பார்க்கிறேன். அந்த அம்மையாரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்திருக்கிறேன். நம் தொழிலிலிருந்து உலகம் முழுவதும் தெரிந்த முகம் ஒன்று வந்திருக்கிறது என்றால் எனக்கு அது சொந்தக்காரர் வீட்டுச் செய்தி மாதிரி. அதனால் பதில் நீளமாகத்தான் இருக்கும்.

முதலில் கணக்கைப் பாருங்கள். அவர் தரகு நிறுவனம் தொடங்கியது 1973. அதை விற்றது 2001. ஷார்க் டேங்க் முதல் நிகழ்ச்சி ஒளிபரப்பானது 2009 ஆகஸ்டில். அப்போது அவருக்கு வயது 60. இடையில் 28 வருடம் வீடு காட்டியும், வீடு காட்டுகிறவர்களை வேலைக்கு வைத்தும் ஓடியிருக்கிறது. வேலையை விட்டுவிட்டுச் சேனல் தொடங்குவது பற்றிக் கேட்கிறீர்கள் அல்லவா, இந்த 28 வருடத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

1949இல் நியூ ஜெர்சி மாநிலத்தின் எட்ஜ்வாட்டர் என்ற சிறிய ஊரில் பிறந்தவர். பத்துப் பிள்ளைகளில் இரண்டாவது. எழுத்துகளைக் கோத்து வாசிப்பதில் சிரமம் தரும் டிஸ்லெக்சியா அவருக்கு இருந்தது. அந்தக் காலத்தில் அதை யார் கண்டார்கள்? பள்ளியில் மக்குப் பிள்ளை என்றே பெயர். கல்லூரி முடித்து ஒரு வருடம் ஆசிரியை வேலை. 23 வயதுக்குள் இருபது வேலை மாறிவிட்டார். அவற்றில் ஒன்று சாப்பாட்டுக் கடையில் பரிமாறும் வேலை. கடையில் இரண்டு பகுதி. பக்கத்துப் பகுதியில் பரிமாறிய பெண் பேரழகி. வருகிற ஆட்களெல்லாம் அங்கேயே போய் உட்கார்ந்தார்கள். வீட்டில் வந்து குறைப்பட்டுக்கொண்டபோது தாயார் சொன்ன யோசனை: உன்னிடம் இருப்பதை வைத்துக் காரியம் பார், இரட்டைச் சடை போட்டு ரிப்பன் கட்டிக்கொண்டு போ. மறுநாள் ரிப்பனோடு போனார். "ரிப்பன் கட்டிய பெண் பரிமாறும் பக்கம்" என்று கேட்டு உட்காரத் தொடங்கினார்கள்.

அந்தக் கடைக்கு வந்தவர்தான் ரமோன் சைமன். வீடு கட்டி விற்பவர். பழக்கம் காதலானது. நியூயார்க்கில் ஒரு வீட்டு உரிமையாளரின் அலுவலகத்தில் வரவேற்பாளராக இருந்த பார்பராவுக்கு 1,000 டாலர் கொடுத்து, சொந்தமாகத் தரகு நிறுவனம் தொடங்க வைத்தார். பங்கில் அவருக்கு 51 சதவீதம், பார்பராவுக்கு 49.

அப்போது பார்பரா செய்த முதல் காரியம் ஒன்று உண்டு. தரகு பார்க்கிற ஒவ்வொருவரும் அதைப் படிக்க வேண்டும். வாடகைக்கு விட ஒரே ஒரு வீடுதான் கையில். ஒரு படுக்கையறை, எல் வடிவத்தில் ஒரு ஹால். அதே மாதிரி வீடுகள் பத்திரிகை விளம்பரத்தில் பத்திப் பத்தியாக இருந்தன. எல்லாம் ஒரே வரி, ஒரே வாடகை. இவர் உரிமையாளரிடம் போய், அந்த எல் மடங்கும் இடத்தில் ஒரு தடுப்புச் சுவர் வைத்துக் கொடுங்கள், மாதம் 20 டாலர் கூடுதலாக வாங்கித் தருகிறேன் என்றார். சுவர் வந்தது. விளம்பரத்தில் "ஒரு படுக்கையறை, கூடவே தனி அறை, 340 டாலர்" என்று போட்டார். சதுர அடி கூடவில்லை, ஜன்னல் கூடவில்லை. ஆனால் தொலைபேசி ஓயவில்லை.

இதைப் படித்த அன்று எனக்கு ஜெய்ஹிந்துபுரத்து வீடு ஒன்று நினைவுக்கு வந்தது. ஐந்து மாதம் பூட்டிக் கிடந்தது. பார்க்க வருகிற குடும்பமெல்லாம் சமையலறையை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். ஒரு நாள் தாகம் எடுத்து அந்த வீட்டு முற்றத்து அடிபம்பில் தண்ணீர் அடித்துக் குடித்தேன். இனித்தது. அந்த வரிசையில் மற்ற வீடுகளில் எல்லாம் உப்புத் தண்ணீர். வாசலில் தொங்கிய "வீடு வாடகைக்கு" அட்டையைக் கழற்றி, "நல்ல தண்ணீர், வீட்டுக்குள்ளேயே" என்று பெரிய எழுத்தில் எழுதி மாட்டினேன். மூன்றாம் நாள் ஆள் வந்துவிட்டது. மதுரையில் குடம் தூக்குகிற பெண்களுக்கு அந்த ஒரு வரி போதும்.

சைமனுடன் கூட்டு 1978இல் முறிந்தது. அலுவலகத்தில் செயலாளராக இருந்த பெண்ணைத் திருமணம் செய்துகொள்ளப் போவதாக அவர் வந்து சொன்னார். நிறுவனத்தை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். நான் இல்லாமல் உன்னால் தலையெடுக்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போனாராம். அந்தச் சொல்தான் தன்னை அத்தனை வருடம் ஓட்டியது என்று பார்பரா பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். எனக்கு இந்தப் பகுதியில் பெரிய ஆர்வம் இல்லை. அவமானப்பட்டவர்கள் எல்லோரும் எழுந்து நிற்பதில்லை. எழுந்து நின்றவர் என்ன வேலை செய்தார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அவர் செய்த வேலை இதுதான். தனி நிறுவனம் தொடங்கிய ஆரம்ப காலம். கையில் பெரிய வியாபாரம் இல்லை. அந்த வருடம் விற்றது மொத்தம் 11 வீடுகள். அந்தப் பதினொன்றின் விலையையும் கூட்டி, பதினொன்றால் வகுத்து, நியூயார்க்கில் ஒரு வீட்டின் சராசரி விலை இவ்வளவு என்று ஒரு தாளில் தட்டச்சு செய்தார். தலைப்பில் தன் பெயரைச் சேர்த்து "கார்க்கரன் ரிப்போர்ட்" என்று வைத்தார். பத்திரிகையாளர்களுக்கு அனுப்பினார். நியூயார்க் டைம்ஸ் அந்தச் சராசரியை, அவர் பெயரைச் சொல்லி வெளியிட்டது. அதன் பிறகு வீட்டு விலை ஏறினாலும் இறங்கினாலும் செய்தியாளர்கள் அவரைத்தான் அழைத்தார்கள். ஊரில் அவரைவிடப் பெரிய தரகு நிறுவனங்கள் இருந்தன. பத்து மடங்கு வியாபாரம் செய்தவர்கள் இருந்தார்கள். ஆனால் எண்ணை வெளியில் சொன்னவர் அவர்.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குத் தைப் பொங்கலுக்கு முந்தின நாள் விடியற்காலையில் போயிருக்கிறீர்களா? செய்திச் சேனல்களின் மைக் நாலைந்து ஒரு வியாபாரியின் முகத்துக்கு முன் நீளும். பனிக்காலத்தில் மல்லிகை மொட்டு குறைந்துவிடும். பண்டிகையும் முகூர்த்தமும் சேர்ந்துகொள்ளும். கிலோ 300, 400 ரூபாய்க்குப் போன பூ 2,000 ரூபாயைத் தாண்டும். அந்த விலையைக் கேட்கத்தான் மைக். மார்க்கெட்டில் அத்தனை கடை இருக்க, ஏன் திரும்பத் திரும்ப அதே இரண்டு மூன்று பேரிடமே வருகிறார்கள்? நான் ஒரு முறை ஒளிப்பதிவாளர் தம்பியிடமே கேட்டேன். "அவர் நேற்று என்ன விலை, இன்று என்ன விலை, ஏன் ஏறியது, மூன்றையும் அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார் ஐயா. சொன்ன விலை சரியாகவும் இருக்கும்" என்றார். மல்லிகை, முல்லை, பிச்சி, அரளி என்று வரிசையாகச் சொல்லும் அந்த வியாபாரி செய்வதும் கார்க்கரன் ரிப்போர்ட்தான். தாளில் எழுதவில்லை, அவ்வளவே வித்தியாசம்.

நம் தொழிலில் விலையை வெளியே சொல்வதுதான் கஷ்டம். அரசு வழிகாட்டி மதிப்பு ஒன்று இருக்கிறது. 2017இல் அதை 33 சதவீதம் குறைத்தார்கள், 2023 ஏப்ரலில் பழைய அளவுக்கே கொண்டுவந்தார்கள். சந்தையில் கைமாறுகிற விலை வேறு. பத்திரத்தில் எழுதுகிற விலை வேறு. மதுரை அண்ணா நகரில் ஒரு சென்ட் உண்மையில் என்ன விலைக்குப் போகிறது என்று பத்துத் தரகரைக் கேட்டால் பத்து விலை வரும். ஒவ்வொருவரும் எதிரில் இருப்பவர் வாங்க வந்தவரா, விற்க வந்தவரா என்று பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்கள். விலையை மறைத்து வைத்திருப்பதே தரகரின் சொத்து என்று நம் பெரியவர்கள் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். அந்த அம்மையார் அதைத் தலைகீழாகத் திருப்பினார். தெரிந்த விலையை ஊருக்குச் சொன்னார். ஊர் விலை கேட்க அவரிடம் வந்தது.

நானும் செய்து பார்த்தேன். இருபது வருடம் இருக்கும். எஸ்.எஸ். காலனி, எல்லிஸ் நகர், பைபாஸ் ரோடு, விளாங்குடி இந்த நாலு பகுதியிலும் நானே பேசி முடித்த ஒத்தி வீடுகளின் தொகையை, தெரு வாரியாக, ஆள் பெயர் இல்லாமல் ஒரு தாளில் எழுதினேன். ஒற்றைப் படுக்கையறை இவ்வளவு, இரட்டை இவ்வளவு, மாடி என்றால் இவ்வளவு குறைவு. நூறு ஜெராக்ஸ். டீக்கடையில் இருபது, மளிகைக் கடையில் இருபது, மிச்சம் கையில். ஒரு வாரத்துக்கு மற்ற தரகர்கள் என்னோடு பேசவில்லை. இரண்டாவது வாரம் ஒரு வீட்டுக்கார அம்மா தாளைக் கையில் பிடித்துக்கொண்டே வந்தார். "எங்கள் தெருவில் மாடி வீட்டுக்கு நீங்கள் போட்டிருக்கிற தொகைக்கே விட்டுக் கொடுங்கள், பேரம் வேண்டாம்" என்றார். அந்தத் தாளை மடித்து மடித்து மடிப்பு கிழிந்திருந்தது. எத்தனை பேர் கைக்குப் போய் வந்ததோ! அதன் பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை விடாமல் போடுகிறேன். உள்ளூர் கேபிள் சேனலில் வீட்டு வாடகை பற்றிப் பேச இரண்டு முறை கூப்பிட்டார்கள். நான் போய் நிற்கக் காரணம் என் முகமோ பேச்சோ இல்லை, அந்தத் தாள்.

அவர் செய்த எல்லாவற்றையும் நான் ஏற்றுக்கொள்வதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாடகி மடோனா கர்ப்பமாக இருந்த சமயம், நியூயார்க்கில் அவருக்கு எப்படிப்பட்ட வீடு தேவைப்படும் என்று ஒரு பட்டியல் தயாரித்துப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார். மடோனா அவருடைய வாடிக்கையாளரே இல்லை. செய்தி பரவி, பிரபலங்களின் தரகர் என்ற பெயர் வந்துவிட்டது. கெட்டிக்காரத்தனம்தான். ஆனாலும் நம்மிடம் வராத பார்ட்டியை நம் பார்ட்டி போல ஊர் நினைக்கும்படி விடுவது எனக்குப் பிடிக்கவில்லை. பதினொரு வீட்டின் சராசரியை உண்மையாகப் போட்ட கைக்கு அது தேவையே இல்லை.

அடுத்து 88 வீட்டுக் கதை. 1990களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் வீட்டுச் சந்தை படுத்துவிட்டது. ஒரு பெரிய காப்பீட்டு நிறுவனத்தின் கையில் விற்காமல் தேங்கிய 88 அடுக்குமாடி வீடுகள். சில வீட்டில் வெளிச்சம் இல்லை, சில வீட்டில் சமையலறை பழையது, சிலது நல்ல வீடு. யாருக்கும் விற்க வழி தெரியவில்லை. பார்பராவுக்குச் சிறு வயதில் பார்த்த ஒரு காட்சி நினைவுக்கு வந்தது. பண்ணை வீடு ஒன்றில் நாய்க்குட்டிகள் விற்றார்கள். வாங்க விரும்பிய எல்லோரையும் ஒரே நேரத்துக்கு வரச் சொல்லியிருந்தார் அந்தப் பெண்மணி. குட்டிகளைவிட ஆட்கள் அதிகம். எந்தக் குட்டி நல்லது என்று யாரும் பார்க்கவில்லை. கிடைத்த குட்டியை வாரிக்கொண்டார்கள். அதே முறை. ஒற்றை அறை வீடு எல்லாம் ஒரே விலை, ஒரு படுக்கையறை எல்லாம் ஒரே விலை, இரண்டு படுக்கையறை எல்லாம் ஒரே விலை. முதலில் வருகிறவருக்கு முதல் உரிமை. விற்பனை ஒரே நாள். விடிவதற்குள் வரிசை நின்றது. அன்றைக்கே விற்றுத் தீர்ந்து, தரகாக மட்டும் பத்து லட்சம் டாலருக்கு மேல் வந்தது. திவாலாகும் நிலையில் இருந்த நிறுவனம் அதில்தான் பிழைத்தது.

கவனித்தீர்களா, இங்கேயும் விலைதான். ஒளித்து வைத்துப் பேரம் பேசுகிற விலையை, வாசலில் எழுதி மாட்டிவிட்டார்.

2001இல் நிறுவனத்தை 6 கோடியே 60 லட்சம் டாலருக்கு விற்றார். கை நிறையப் பணம். ஆனால் காலையில் எழுந்தால் போக இடம் இல்லை, போன் அடிக்கவில்லை, தான் யார் என்றே தெரியவில்லை என்று அந்த நாட்களைப் பற்றிப் பின்னால் பேசியிருக்கிறார். நம் ஊரில் கடையை விற்றுவிட்டு வீட்டில் உட்கார்ந்த பெரியவர்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அப்போதுதான் தொலைக்காட்சி என்று முடிவு செய்தார். அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியின் காலை நிகழ்ச்சியில் வீட்டு விலை, வீட்டுக் கடன் பற்றிப் பேசும் ஆளாகச் சேர்ந்தார். சாதாரண வேலைதான்: பார்க்கிறவர்களுக்கு விளக்கம் சொல்வது. இருபது வருடம் செய்தியாளர்களுக்கு அரை நிமிடத்தில் பதில் சொல்லிப் பழகிய நாக்கு அங்கே கைகொடுத்தது.

ஷார்க் டேங்க் நேராக மடியில் விழவில்லை. இந்த வகை நிகழ்ச்சி ஜப்பானில் 2001இல் பிறந்தது. 2005இல் பிரிட்டனுக்கு வந்தது. அமெரிக்காவில் தொடங்கியபோது முதலீட்டாளர் இருக்கைக்குப் பார்பராவைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் பயணத்துக்குத் துணிமணி எல்லாம் வாங்கிவிட்டார். பிறகு, வேறு ஒரு பெண்ணை எடுத்துவிட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அவர் உட்கார்ந்து ஒரு மின்னஞ்சல் எழுதினார். உங்கள் நிராகரிப்பை நல்ல சகுனமாக எடுத்துக்கொள்கிறேன். என் வாழ்க்கையில் நல்லது எல்லாம் ஒரு நிராகரிப்புக்குப் பிறகுதான் வந்திருக்கிறது. இரண்டு பேரையும் வரவழையுங்கள், போட்டி வையுங்கள், அதன் பிறகு முடிவு செய்யுங்கள். கெஞ்சவும் இல்லை, திட்டவும் இல்லை. வரச் சொன்னார்கள். போட்டியில் இருக்கை அவருக்குக் கிடைத்தது. பார்ட்டி வேறு தரகரிடம் போய்விட்டார் என்று தெரிந்த பிறகும், இன்னொரு வீடு இருக்கிறது, ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்று போன் செய்கிற பழக்கம் இருக்கிறதே, அதேதான் இது.

திரையில் அவர் யார் என்பதும் தொழிலிலிருந்தே வந்தது. பக்கத்து நாற்காலிகளில் இருப்பவர்கள் கணக்குகளைத் துருவுவார்கள். இவர் ஆளைப் பார்ப்பார். ஆயிரம் தரகர்களை வேலைக்கு எடுத்துப் பழகியவர் அல்லவா. முதல் நிகழ்ச்சியிலேயே, குழந்தைக்கு மருந்து ஊட்ட யானை வடிவக் கருவி ஒன்றைக் கொண்டுவந்த பெண்ணுக்கு 55 சதவீதப் பங்குக்கு 50,000 டாலர் கொடுத்தார். 2017இல் போர்வையையே சட்டையாக அணிவது போன்ற ஒரு பொருளுக்கு 30 சதவீதத்துக்கு அதே 50,000. அந்தப் பொருள் தனக்கு மிகப் பெரிய லாபம் தந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். தான் பணம் போட்ட ஒவ்வொரு தொழில் முனைவோரின் படத்தையும் அலுவலகச் சுவரில் மாட்டியிருப்பார். அடி விழுந்ததும் அடுத்தவர் மேல் பழி போட்டுப் புலம்ப ஆரம்பித்தால், அவர் படத்தைத் தலைகீழாகத் திருப்பி மாட்டிவிடுவார். அதற்கு மேல் அந்த ஆளுக்காக நேரம் செலவிடுவதில்லை.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு எச்சரிக்கை. திரையில் கை குலுக்கினால் பணம் கைக்கு வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. நாம் டோக்கன் அட்வான்ஸ் வாங்கிவிட்டு வில்லங்கம் பார்ப்பது போல, அவர்களும் படப்பிடிப்புக்குப் பிறகுதான் கணக்குகளைத் தோண்டிப் பார்க்கிறார்கள். பல ஒப்பந்தங்கள் அங்கேயே நின்றுவிடுகின்றன. ஒரு மணி நேரம் நடக்கும் பேச்சு பத்து நிமிடமாக வெட்டப்பட்டு வருகிறது. அமெரிக்க நிகழ்ச்சியின் ஆரம்ப வருடங்களில், அங்கே வந்து நின்றாலே போதும், ஒப்பந்தம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் தயாரிப்புத் தரப்புக்கு நிறுவனத்தில் 5 சதவீதப் பங்கோ, லாபத்தில் 2 சதவீதமோ தர வேண்டும் என்று எழுதி வாங்கினார்கள். அந்த முதலீட்டாளர்களில் ஒருவரான மார்க் கியூபன் எதிர்த்து நின்ற பிறகுதான் அந்த விதி போனது. எந்தத் திரைக்குப் போனாலும், கையெழுத்துப் போடும் முன் பத்திரத்தை வாசிப்பது போல ஒவ்வொரு வரியையும் வாசியுங்கள்.

பெயர் வந்தால் கூடவே வருகிற இன்னொன்றும் உண்டு. 2020 பிப்ரவரியில் அவருடைய கணக்காளருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. உதவியாளர் அனுப்பியது போலவே இருந்தது. வீடு புதுப்பித்த வேலைக்கு ஒரு பில். முகவரியில் ஒரே ஒரு எழுத்து விடுபட்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. கணக்காளர் சந்தேகம் கேட்டிருக்கிறார். அதற்கும் பொருத்தமாகப் பதில் வந்தது, ஏனென்றால் இவர் வீடுகளில் முதலீடு செய்கிறவர் என்பது ஊருக்கே தெரியும். 3,88,000 டாலருக்கு மேல் போய்விட்டது. நல்ல வேளையாக, பணம் கடந்து போகும் வழியில் ஜெர்மனி வங்கி ஒன்று நிறுத்தி வைத்தது, திரும்பக் கிடைத்தது. நீங்கள் சேனலில் முகத்தையும் கைபேசி எண்ணையும் போட்டுவிட்டால், உங்கள் பெயரைச் சொல்லி அட்வான்ஸ் வாங்குகிற ஆள் ஒருவன் கிளம்புவான். எங்கள் பக்கத்திலேயே ஒரு தம்பியின் வீடியோவை எடுத்து, எண்ணை மட்டும் மாற்றிப் போட்டு, ஒத்தி அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு காணாமல் போனார்கள். கொடுத்த குடும்பம் அந்தத் தம்பியின் வீட்டு வாசலில் வந்து அழுதது.

நம் தமிழ்நாட்டிலும் இந்தப் பாதையில் நடந்தவர்கள் உண்டு. வசந்த் அன் கோ வசந்தகுமார் விற்பனையாளராக வேலை பார்த்து, 1978இல் கடை வைத்து, சிரித்த தன் முகத்தையே விளம்பரத்தில் போட்டு, 2008இல் சொந்தத் தொலைக்காட்சியே தொடங்கினார். அங்கேயும் முப்பது வருடக் கடை முன்னால் நிற்கிறது. லலிதா ஜுவல்லரி கிரண் குமார் தானே கேமரா முன்னால் வந்து, எங்கள் விலையை எழுதி வாங்கிக்கொண்டு போய் மற்ற கடையில் ஒப்பிட்டுப் பாருங்கள் என்றார். மறுபடியும் விலை! 2025இல் விஜய் தொலைக்காட்சியில் ஸ்டார்ட்அப் சிங்கம் வந்த பிறகு, முதலீட்டாளர் ஒருவர் திரையில் உட்கார்ந்து தமிழில் கேள்வி கேட்பதை நம் வீட்டுக் கூடத்திலேயே பார்க்கிறோம். அந்த நாற்காலியில் ஒரு நாள் மதுரைத் தரகர் ஒருவர் உட்கார வேண்டும் என்பது எனக்கு நிஜமான ஆசை.

இனி உங்கள் சேனல். தொடங்குங்கள். வேலையை விட வேண்டாம்; வேலைதான் சேனலுக்குச் சரக்கு. மனை காட்டும் வீடியோக்களை நிறையப் பார்க்கிறேன். வாசல், ஹால், மாடிப்படி, மொட்டை மாடியிலிருந்து சுற்றி ஒரு பார்வை, பின்னணியில் பாட்டு. கடைசியில் "விலைக்கு அழைக்கவும்". அந்த ஒரு வரியில் எல்லாம் போய்விடுகிறது. விலையைச் சொல்லுங்கள். அதே தெருவில் போன வருடம் என்ன விலைக்குப் போனது என்பதையும் சொல்லுங்கள். பட்டா யார் பெயரில், வில்லங்கச் சான்றிதழ் எத்தனை வருடத்துக்குப் பார்த்தீர்கள், பாதை எத்தனை அடி, போர்வெல்லில் எத்தனை அடியில் தண்ணீர், அது உப்பா நல்லதா, மழைக்காலத்தில் கண்மாய்த் தண்ணீர் எதுவரை வரும்: இவற்றைக் கேமரா முன் சொல்கிறவர் நம் பக்கத்தில் மிகக் குறைவு. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு, எட்டு வீட்டுக்கு மேற்பட்ட கட்டடம் என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில் பதிவு இல்லாமல் விளம்பரமே செய்யக் கூடாது. அந்த மனைகளை விற்றுக் கொடுக்கிற தரகருக்கும் பதிவு வேண்டும். பதிவு எண்ணைத் திரையிலேயே போடுங்கள்.

இன்னொன்று. உங்கள் திருமங்கலம் சாலையில் 2019 ஜனவரியில் எய்ம்ஸ் மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டிய நாளிலிருந்து, அதன் பெயரைச் சொல்லாமல் ஒரு மனையும் விற்கப்படவில்லை. தோப்பூரிலிருந்து எத்தனையோ கிலோமீட்டர் தள்ளி இருக்கும் முள்காட்டைக்கூட "எய்ம்ஸ் அருகில்" என்று விற்றார்கள். சவூதியில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தை அப்படி ஒரு மனையில் போட்டுவிட்டு, பாதை எங்கே இருக்கிறது என்று கேட்டு என்னிடம் வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பைக்கில் மீட்டர் பார்த்துப் போய், வாசலிலிருந்து வாசலுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று அளந்து, அந்த எண்ணைச் சொல்லுங்கள். வாங்குகிறவர் அதற்காகவே உங்களை நினைவில் வைத்துக்கொள்வார்.

முதல் வீடியோவுக்கு வீடு வேண்டாம், மனை வேண்டாம். இரண்டு வருடத்தில் நீங்கள் கூட இருந்து கிரயம் முடித்த மனைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஆள் பெயர் வேண்டாம். ஊர், சென்ட், பாதை அகலம், உண்மையில் கைமாறிய விலை, மாதம் மட்டும் போதும். பதினொன்று சேர்ந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காளவாசலுக்கு வாருங்கள். என்னிடம் இருபது வருடத் தாள்கள் கட்டுக் கட்டாக இருக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சராசரி போட்டுப் பார்ப்போம்.